உச்சி வெயிலோடு தெற்கே: மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை ஐந்து நாள்

முதலாம் நாள்: கல்லடி

செப்டம்பர் முதல் வாரத்தில் சூரியன் மட்டக்களப்புக்கு நேர் மேலே உச்சம் கொடுத்துவிட்டு, நாளுக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வீதம் தெற்கே இறங்குகிறது. மட்டக்களப்பில் உச்சம் கொடுத்து இரண்டு மூன்று நாளில் பொத்துவிலுக்கு வந்துவிடும். ஏ4 வீதியும் அதே திசையில்தான் போகிறது. வெயிலும் வானும் சேர்ந்தே தெற்கே போகும் இந்த நாள்களைத்தான் பயணத்துக்குத் தேர்ந்தோம்.

குழுவில் இரண்டு விரிவுரையாளர்கள், ஒரு ஆய்வுகூட உதவியாளர். விரிவுரையாளர்களில் ஒருவருக்கு இவ்வருடம் ஆய்வுக்கான விருது கிடைத்திருக்கிறது. அந்த விருதை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் இந்தப் பதிவுகளின் விடயம்.

அங்கீகாரம் கிடைத்த விஞ்ஞானிக்கு முதற் சில மாதம் அழைப்புகள் குவியும். பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வரச் சொல்வார்கள். விஞ்ஞான தினத்தில் பேசச் சொல்வார்கள். கண்காட்சிக்கு நடுவராக, வானொலிக்குப் பேட்டி கொடுப்பவராகக் கேட்பார்கள். புதிதாக இன்னொருவர் விருது வாங்கியதும் அழைப்பு அவர் பக்கம் திரும்பும். ஆகவே கிடைத்த மாதங்களை எதற்குச் செலவிடுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பரிசளிப்பு விழா அழைப்பை மறுக்கத் தேவையில்லை. "வருகிறேன். அதற்கு முதல்நாள் தரம் 9 மாணவரோடு தொடர்ந்து இரண்டு பாடவேளை தாருங்கள்" என்று பதில் எழுதினால் போதும். சாதாரண விரிவுரையாளர் கேட்டால் நேரசூசி இடம் கொடுக்காது. பத்திரிகையில் படம் வந்தவர் கேட்டால் அதிபரே நேரசூசியை மாற்றுவார். விருதின் மிகப் பெரிய பயன் இதுதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

ஏன் தரம் 9? தரம் 10, 11 மாணவருக்குச் சாதாரண தரப் பரீட்சை தலைக்கு மேல் நிற்கிறது. உயர்தர மாணவரோ எந்தப் பிரிவு என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள். "விஞ்ஞானம் எனக்குச் சரிவராது" என்று ஒரு பிள்ளை மனதுக்குள் தீர்த்துக்கொள்வது பெரும்பாலும் 13, 14 வயதில்.

கடிதத்தை மூன்று வாரம் முன்பே கொடுக்க வேண்டும். மாகாணப் பாடசாலையென்றால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, அதிபர் ஊடாக. அதன் பிரதி ஒன்று விஞ்ஞானப் பாட ஆசிரிய ஆலோசகருக்கும் போகட்டும். நிகழ்ச்சி முடிந்த பிறகு அதைக் கொண்டுசெல்லக்கூடியவர் அவர்தான். தவணைப் பரீட்சை வாரத்தைத் தவிர்க்கவும். முஸ்லிம் பாடசாலைகளில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நேரத்தோடு விடுவார்கள், அன்றைக்கு நண்பகல் வேலை எதையும் வைக்க முடியாது. நோன்பு கால விடுமுறையும் அவர்களுக்கு வேறு.

மாலை சுருக்கமாகச் சாமான் வாங்கியது. இரவு வேலை கல்லடிப் பாலத்தடியில்.

1924 இல் திறந்த பழைய இரும்புப் பாலமும் 2013 இல் திறந்த புதிய பாலமும் அங்கே அருகருகே கிடக்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, வாவி அசையாமல் கிடக்கும் நிலாக் காலத்தில் அந்த இடத்தில் நீருக்கடியிலிருந்து சுரம் எழும் என்பது மட்டக்களப்பார் தலைமுறை தலைமுறையாக அறிந்த விடயம். 1848 செப்டம்பரில் இங்கே வந்த எமர்சன் டெனன்ட், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வரும் ஒலியோடு அதை ஒப்பிட்டு எழுதினார். பாடுவது மீனா, ஊரி எனும் சிப்பியினமா என்ற வாதம் அவர் காலத்திலேயே இருந்தது, இன்றும் தீரவில்லை. அதனாலேயே இது பிள்ளைகளுக்கு நல்ல பாடம். விடை புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி அவர்கள் ஊர் வாவிக்குள்ளேயே கிடக்கிறது.

தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். இதில் பௌதிகம் இருக்கிறது. நீருக்குள் பிறக்கும் ஒலிச் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குக் கடக்கும். மிச்சம் நீர்ப்பரப்பில் தெறித்துத் திரும்பிவிடும். மரம் அந்தத் தடையைத் தாண்டி ஒலியை நேரே காதெலும்புக்குக் கொண்டுவருகிறது.

துடுப்பை ஒருவர்தான் கேட்கலாம். இருபது பேர் கேட்க நீரடி ஒலிவாங்கி வேண்டும். அதிர்வை மின்சாரமாக்கும் 27 மி.மீ. பீசோ தட்டு ஒன்று, உறைக்கம்பி உள்ள மைக் வயர் 5 மீற்றர், இரண்டு குழாயில் வரும் அரல்டைட் பசை, களிம்பு டப்பாவின் மூடி. வயரின் நடுக்கம்பியைத் தட்டின் வெள்ளி வட்டத்திலும் உறைக்கம்பியைப் பித்தளை விளிம்பிலும் பற்றவைக்க வேண்டும். பித்தளையை முதலில் அரத்தாளால் தேய்க்காவிட்டால் ஈயம் பிடிக்காது. வெள்ளி வட்டத்தில் சோல்டரிங் அயனின் நுனி இரண்டு செக்கனுக்கு மேல் தங்கினால் பூச்சு உரிந்து தட்டு வீணாகும். மூன்று தட்டு வாங்குங்கள், ஒன்று எப்படியும் போகும். பிறகு மூடிக்குள் வைத்து இரு பக்கமும் பசையால் மூடி 24 மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டு ஆறு மணி நேரத்தில் இறக்கினால் வயர் நுழையும் இடத்தில் உப்புத்தண்ணீர் ஏறி, இரைச்சல் மட்டும் வரும்.

அதிகம் பேர் பிழைவிடுவது அடுத்த கட்டத்தில். வயரை நேரே கைத்தொலைபேசியில் செருகுவார்கள், கீச்சென்ற ஒலி தவிர ஒன்றும் வராது. பீசோ தட்டு ஏறத்தாழ 20 நனோபரட் கொள்ளளவி போல நடந்துகொள்கிறது. தொலைபேசியின் மைக் உள்ளீட்டுத் தடை 2 கிலோ ஓம் அளவு. இரண்டும் சேர்ந்தால் 4,000 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துவிடும். வாவிச் சுரம் அதற்கு மிகத் தாழ்வானது. கிற்றார் செருகும் துளையுள்ள மின்கல ஒலிபெருக்கியென்றால் உள்ளீட்டுத் தடை 1 மெகா ஓம் அளவில் இருக்கும், 8 ஹேர்ட்ஸ் வரை இறங்கிக் கேட்கலாம். சுவர் மின்சாரத்தில் ஓடும் பெட்டி வேண்டாம், 50 ஹேர்ட்ஸ் உறுமல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

பாலத்துக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டால் லொறி போகும் அதிர்வுதான் கேட்கும். தோணியில் போய், ரெஜிபோம் துண்டொன்றில் வயரைக் கட்டி மிதக்கவிட்டு, ஒலிவாங்கி ஒன்றரை மீற்றர் ஆழத்தில் நிற்க வேண்டும். உயர்தர மாணவர் பன்னிருவர், பெற்றோரின் எழுத்துமூல அனுமதி, எல்லோருக்கும் மிதவை அங்கி. இவை இல்லாமல் இரவில் தோணி ஏற்றவே கூடாது.

பெட்டியைப் போட்டதும் முதலில் வந்தது பொரி பொரியும் சத்தம். அது நகத்தைச் சொடுக்கும் இறால் இனம். வெப்பக் கடலோரத்தில் எங்கும் கேட்கும். பிள்ளைகள் அதுதான் பாட்டென்று ஆரவாரம் செய்ய, தோணிக்காரர் ஐயா கையமர்த்தினார்: "கொஞ்சம் கதைக்காம இருங்க மனே. மறுகாத்தான் கேக்கும்."

இரண்டாம் நாள்: மட்டக்களப்பு நகர்

காலை 7.30 இலிருந்து பாடசாலையில். இன்றைக்கு உச்சம். மதியம் 12.03 அளவில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும். நேரம் சரியாகப் பன்னிரண்டாக இல்லாததற்குக் காரணம் இருக்கிறது: நம் கடிகாரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு ஓடுகிறது, மட்டக்களப்பு 81.7 இல் இருக்கிறது. அந்த 0.8 பாகைக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். மிச்சச் சில செக்கன் வித்தியாசம் பூமியின் சுற்றுப்பாதையால் வருவது.

ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கைக்கு மேலே சூரியன் உச்சம் கொடுப்பதை வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும், எல்லோரும் அறிந்தது. ஓகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் அதே சூரியன் திரும்பி வருகிறது. சரியான நாள், நெட்டாண்டுக் கணக்கால் வருடத்துக்கு வருடம் ஒரு நாள் முன்பின் ஆகும். மட்டக்களப்புக்கு அது செப்டம்பர் 2 அல்லது 3.

நிழல் மறைவதைக் காட்டக் குழாயொன்றை நட்டு வைப்பது வழமை. கூட்டத்துக்குக் காட்ட அது நல்லதுதான், ஆனால் அளக்க உதவாது. 1 மீற்றர் குழாய் ஒரு பாகை சாய்ந்தால் நிழல் 17 மி.மீ. பிழைக்கும், கண்ணுக்கு அந்தச் சாய்வு தெரியவே தெரியாது. போதாததற்கு நிழலின் ஓரம் மங்கலாக இருக்கும். சூரியன் புள்ளியில்லை, வானத்தில் அரைப் பாகை அகலமான தட்டு. அதனால் 1 மீற்றர் உயரக் குழாயின் நிழல் நுனி 9 மி.மீ. அகலத்துக்குக் கலங்கித் தெரியும்.

அளக்க வேண்டுமென்றால் நிழலை விட்டு வெளிச்சத்தை அளக்க வேண்டும். செய்முறை இது. மூன்று கம்பை உச்சியில் கட்டி முக்காலியாக்கி, அதன் தலையில் 30 செ.மீ. சதுர அட்டையைக் கிடையாகக் கட்டுங்கள். நிலத்திலிருந்து அட்டை சரியாக 2 மீற்றர். அட்டையின் நடுவில் 4 மி.மீ. துளை. துளை வழியாக மேசன்மாரின் தூக்குக்குண்டை இறக்குங்கள். காற்றில் குண்டு ஆடும். ஒரு கோப்பைத் தண்ணீருக்குள் அதை அமிழ்த்தினால் ஆட்டம் அடங்கும். நூல் அசையாமல் நின்றதும் நிலத்தில் விரித்த வெள்ளைத் தாளில் நூலுக்கு நேர் கீழே புள்ளி வைத்து, நூலை மேலே இழுத்துவிடுங்கள். துளையும் புள்ளியும் ஒரே செங்குத்தில் வந்துவிட்டன. கம்பு சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, தாள் சற்றுச் சரிந்திருந்தாலும் கவலையில்லை. துளைக்கும் புள்ளிக்கும் இடையே உள்ள நூல் ஒன்றுதான் நம்ப வேண்டியது.

இனித் தாளைப் பாருங்கள். அட்டையின் நிழலுக்கு நடுவே இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய ஒரு வெளிச்ச வட்டம் விழுந்திருக்கும். துளை நான்கு மில்லிமீற்றர், வட்டமோ அதைப்போல் ஐந்து மடங்கு. அது துளையின் உருவமில்லை, சூரியனின் உருவம். சில பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அவர்களுக்காகச் சதுரத் துளை வெட்டிய இன்னொரு அட்டையும் கொண்டுபோக வேண்டும். சதுரத்தாலும் வட்டம்தான் விழும். இன்று அதைப் பார்த்த பிள்ளையொருத்தி முக்காலியை விட்டு நகரவில்லை. கையை நீட்டி உள்ளங்கையில் சூரியனை ஏந்தினாள், கையை உயர்த்த உயர்த்த வட்டம் சிறுத்துக்கொண்டு போனது. மணியடித்த பிறகும் அங்கேயே நின்றாள்.

11.50 இலிருந்து இரண்டு நிமிடத்துக்கொரு தடவை வட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு, மையத்தைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். வட்டம் நிமிடத்துக்கு 9 மி.மீ. அளவில் கிழக்கே நகரும். 12.15 வரை எடுத்தால் பதின்மூன்று புள்ளி. அவற்றினூடே ஒரு கோடு இழுத்து, தூக்குக்குண்டுப் புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் அளந்தால் வேலை முடிந்தது. கடிகாரம் ஐந்து நிமிடம் பிழையாக இருந்தாலும் இந்தத் தூரம் மாறாது. இன்றைய அளவு: வடக்கே 4 மி.மீ.

ஒரு முக்காலிக்குப் பத்துப் பேருக்கு மேல் நின்றால் பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நாற்பது பேருக்கு நான்கு முக்காலி. மேலே பார்க்கக்கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லுங்கள். உச்சம் என்றவுடன் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பது இயல்பு, ஒரு கணத்துக் கவனயீனமும் விழித்திரையைச் சுடலாம். தொப்பி, தண்ணீர். முறைவைத்து நிழலுக்கு அனுப்புங்கள்.

கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருந்தோம்: மங்கல விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் 12.20 க்குப் பிறகு. விருது பெற்றவர் வருகிறாரென்றால் பாடசாலை தன் மரியாதையை முழுதாகச் செய்ய விரும்பும். அதைத் தடுப்பது முறையில்லை. வழமையான ஒழுங்கில் விட்டால் வரவேற்பே ஒரு மணி நேரம் எடுக்கும், பிள்ளைகளுக்கு மிஞ்சுவது நன்றியுரைதான். சூரியன் யாருக்கும் காத்திராது என்று அதிபருக்கு விளக்கியபோது அவரே மகிழ்ச்சியோடு ஒழுங்கை மாற்றினார்.

ஒரு முக்காலித் தொகுதியை இங்கே விட்டுச் செல்கிறோம். நாளையும் மறுநாளும் விஞ்ஞான ஆசிரியை அதே இடத்தில் அளந்து அனுப்புவார்.

மூன்றாம் நாள்: காரைதீவு

ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை தாண்டிக் காரைதீவு. நண்பகலில் அளந்ததில் வட்டம் வடக்கே 5 மி.மீ.; மட்டக்களப்பிலிருந்து வந்த செய்தி 17 மி.மீ. நேற்றைக்கு அங்கே 4. ஒரே இடம், ஒரே முக்காலி, ஒரு நாளில் 13 மி.மீ. நகர்ந்திருக்கிறது. சூரியன் தெற்கே போவதைக் கைவிரலால் தொட்டுக் காட்ட இதைவிட நல்ல வழி தெரியாது. நாளைக்கு எவ்வளவு வரும் என்று பிள்ளைகளிடம் கேட்டு, விடைகளைக் கரும்பலகையில் எழுதி அழிக்காமல் விட்டோம்.

ஆனாலும் காரைதீவுக்கு வந்தது நரம்புக்காக. சுவாமி விபுலானந்தர் 1892 இல் பிறந்த ஊர் இது. அவரைத் தமிழறிஞராகவே பிள்ளைகள் அறிவார்கள். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவர். பழந்தமிழர் யாழின் நரம்புகளைக் கணக்கால் ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1947 இல் வெளிவந்தது. விஞ்ஞானியைப் பற்றி இந்த ஊரில் பேசுவதற்கு வெளிநாட்டுப் பெயரோடு தொடங்க வேண்டிய அவசியமே இல்லை.

உயர்தர ஆய்வுகூடத்தில் நரம்பின் சுரத்தை ஆராயும் சுரமானி இருக்கும், தரம் 9 பிள்ளை அதைத் தொட விடமாட்டார்கள். அதனால் பலகையில் செய்தோம். 1 மீற்றர் பலகை, ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் சிறு கப்பி. 0.30 மி.மீ. உருக்குக் கிற்றார் நரம்பு. 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு மரக்கட்டை. தொங்கும் முனையில் ஒன்றரை லீற்றர் போத்தல், கழுத்துவரை தண்ணீர். மீட்டினால் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது, 133 ஹேர்ட்ஸ் அளவில் வரும்.

நடுவில் விரல் வைத்து நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ச. மூன்றில் இரண்டு பங்கில், அதாவது 40 செ.மீ. இல், ப. கோயிலில் பஜனை பாடும் பிள்ளைகளும் கிராஅத் ஓதிப் பழகிய பிள்ளைகளும் இதை உடனே காதால் பிடிப்பார்கள்.

அடுத்த கேள்விதான் உயிர். நீளத்தை மாற்றாமல் மேல் ச வர எத்தனை போத்தல் கட்ட வேண்டும்? ஏறக்குறைய எல்லோரும் இரண்டு என்பார்கள். இரண்டு கட்டிப் பாருங்கள், சுரம் ஏறும், ஆனால் ம வுக்கும் ப வுக்கும் இடையே எங்கோ நிற்கும். மூன்று கட்டினாலும் எட்டாது. நான்காவது போத்தலில்தான் மேல் ச கணீரென்று விழும். மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்தோடு போவதை ஒரு பிள்ளை இப்படிக் கேட்ட பிறகு சமன்பாட்டை மறக்காது. நான்கு போத்தல் ஆறு கிலோ. இந்த நரம்பு தாங்கும். என்றாலும் கீழே ஒரு மெத்தைத் துண்டு, முகத்தைப் பலகைக்குக் கிட்டக் கொண்டுவரக்கூடாது.

கப்பியில்லாமல் பலகை விளிம்பில் நரம்பை வளைத்தால் உராய்வு இழுவையில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், நான்கு போத்தலிலும் சுரம் தாழ்ந்தே நிற்கும். உருக்கு நரம்புக்குப் பதில் தங்கூசி கட்டுபவர்களும் உண்டு. மீன்பிடிக்கு நல்லது, இதற்குச் சரிவராது. நைலோன் பாரத்தில் இழுபட்டுக்கொண்டே போகும், பத்து நிமிடத்துக்குச் சுரம் இறங்கிக்கொண்டேயிருக்கும்.

மொழியைப் பற்றி ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் ஆய்வு செய்து பழகியவருக்கு நாக்கில் ஆங்கிலச் சொல்தான் முதலில் வரும். இந்தியத் தமிழ்ப் புத்தகம் படித்தவருக்கு அதிர்வெண், ஒளிவிலகல், எதிரொளிப்பு என்று வரும். இங்கே பாடப்புத்தகத்தில் மீடிறன், முறிவு, தெறிப்பு. பிள்ளைக்கு அந்நியமான சொல்லில் சொன்னால் தெரிந்த விடயமும் தெரியாததாகிவிடும். தரம் 9 பாடப்புத்தகத்தைக் கையிலெடுத்து, பேசப்போகும் விடயத்துக்குரிய பதினைந்து சொல்லை எழுதி மனனம் செய்துகொண்டு போங்கள்.

நான்காம் நாள்: பொத்துவில்

அக்கரைப்பற்று, திருக்கோவில் கடந்து காலையிலேயே வந்துவிட்டோம். வீதியோரம் உப்புக்காற்று, பத்து மணிக்கே வெயில் சுடுகிறது.

இன்று இங்கே உச்சம். காற்று வலுவாக இருந்ததால் முக்காலியின் கால்களை மண்மூட்டையால் அமர்த்த வேண்டியிருந்தது. கடற்கரையோரப் பாடசாலைகளில் அதற்கென்று மூன்று வெறும் சாக்கு கொண்டுபோவது நல்லது. 11.58 இலிருந்து ஐந்து நிமிடம் மேகம் மறைத்தது. புள்ளிகள் இடையில் விடுபட்டாலும் மிச்சப் புள்ளிகளால் கோடு இழுக்கலாம். இந்த முறையின் பெரிய வசதி அது. குழாய் நிழலை நம்பியிருந்தால் அந்த ஐந்து நிமிடத்தோடு வருடம் போயிருக்கும்.

பொத்துவிலில் 1 மி.மீ. மட்டக்களப்பு ஆசிரியையிடமிருந்து 12.25 க்குச் செய்தி வந்தது: 31 மி.மீ. காரைதீவுக் கரும்பலகையில் "30" என்று எழுதிய பிள்ளைக்கு உடனே சொல்லியனுப்பினோம்.

கணக்கைப் பிள்ளைகளே போட்டார்கள். வித்தியாசம் 30 மி.மீ., உயரம் 2,000 மி.மீ. கோணம் 0.86 பாகை. இரண்டு பாடசாலைகளுக்கும் வடக்குத் தெற்குத் தூரம் 94 கிலோமீற்றர். 0.86 பாகைக்கு 94 என்றால் 360 பாகைக்கு? 39,400 கிலோமீற்றர் அளவில் வந்தது. துருவங்களினூடே பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000. மூன்று கம்பு, ஓர் அட்டை, ஒரு தொலைபேசி அழைப்பு.

இதில் தவறு நுழையும் வாசல் இரண்டு. முதலாவது தூரம். ஏ4 வீதிக் கட்டைகளில் உள்ள கிலோமீற்றரை எடுத்தால் விடை பெருத்துவிடும், வீதி வளைந்து வளைந்து போகிறது. வரைபடத்தில் இரு இடத்தின் அகலக்கோட்டுத் தூரத்தை மட்டும் அளக்க வேண்டும். இரண்டாவது, மில்லிமீற்றர். இரு முனையிலும் சேர்த்து 2 மி.மீ. பிழைத்தால் விடை 42,000 க்கோ 37,000 க்கோ ஓடிவிடும். அது தோல்வியில்லை. பிழை எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கும் இடம் அதுதான், அவசரப்படாமல் அங்கே அரை மணி நேரம் கொடுங்கள்.

ஐந்தாம் நாள்: சம்மாந்துறை

திரும்பும் வழியில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கும் சம்மாந்துறையில் இளம் விரிவுரையாளர்கள் சிலரோடு பேசக் கிடைத்தது. கேட்டது ஒன்றுதான்: அங்கீகாரத்தோடு என்னென்ன வாய்ப்பு வருகிறது, எதை எடுப்பது?

விருதுக்கும் பொதுமக்கள் முன் பேசுவதற்கும் உள்ள உறவு பழையது. இலண்டன் றோயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 இல் தொடங்கிய கிறிஸ்மஸ் உரைகள் இளையோருக்கானவை; மைக்கேல் பரடேயே 19 வருடம் அந்த உரைகளை ஆற்றினார். விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டுபோவதற்கென்றே றோயல் சொசைற்றி அவர் பெயரில் பரிசு வைத்திருக்கிறது, பெறுபவர் பொது உரை ஆற்ற வேண்டும். யுனெஸ்கோவின் கலிங்கப் பரிசு 1951 இல் பிஜு பட்நாயக்கின் நன்கொடையால் நிறுவப்பட்டது. இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1961 இல் அதைப் பெற்றார். சிதம்பரத்தில் பிறந்து 2009 இல் இரசாயனவியல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், 2015 முதல் ஐந்து வருடம் றோயல் சொசைற்றியின் தலைவராக இருந்தார். அந்த உயரத்து அங்கீகாரம் ஒருவரை ஆய்வுகூடத்திலிருந்து எவ்வளவு தூரம் வெளியே கொண்டுவரும் என்பதற்கு இது சாட்சி.

பதக்கம் இல்லாதவர்களுக்கும் வாசல் உண்டு. குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008 இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டி இன்று பல நாடுகளில் நடக்கிறது. மூன்று நிமிடம், அசையாத ஒரே படம். அதற்குத் தயாரிக்கும் மூன்று நிமிடத்தைத் தமிழில் ஒருமுறை எழுதிப் பார்ப்பவருக்குப் பாடசாலை உரை பாதி முடிந்தது. பெண் ஆய்வாளர்களுக்கு 1998 இல் தொடங்கிய லோரெயால் யுனெஸ்கோ விருதும் அதன் நாட்டு மட்ட, பிராந்திய நல்கைகளும் உண்டு. விருது பெற்ற பெண்ணொருவர் பெண்கள் பாடசாலைக்கு வந்து சோல்டரிங் அயனைக் கையிலெடுப்பதை வேறெந்த உரையாலும் ஈடுசெய்ய முடியாது.

எங்கள் தெரிவு வரிசை இப்படி. ஆசிரியர் பயிற்சிக்கு வளவாளராகக் கூப்பிட்டால் முதலில் அதைப் பிடியுங்கள். முப்பது ஆசிரியர் என்றால் பல நூறு பிள்ளைகள், அதுவும் வருடா வருடம். அடுத்தது பாடசாலைச் செயல்முறை. நடுவர் வேலை மூன்றாவது. அதை ஏற்றால் புள்ளியோடு நிறுத்தாமல், தோற்ற குழு ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். வானொலி நல்லது, தயாரிப்புக்கு நேரம் இருந்தால். விழா மேடை கடைசி.

பதிவேடு வைத்துக்கொள்வது சின்ன வேலை, பலர் தவறவிடுவார்கள். பதவி உயர்வுப் புள்ளித் திட்டத்தில் அறிவுப் பரம்பலுக்கும் சமூகப் பங்களிப்புக்கும் இடம் உண்டு, ஆனால் சான்று வேண்டும். அன்றைக்கே, பாடசாலையை விட்டு வெளியேறுமுன், அதிபரின் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் வாங்குங்கள்: திகதி, தரம், மாணவர் தொகை, எத்தனை மணி நேரம், என்ன செய்முறை. மூன்று வருடம் கழித்துக் கேட்டால் அதிபர் இடம் மாறியிருப்பார். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் அனுமதியில்லாமல் எங்கும் போடாதீர்கள். கையும் முக்காலியும் தெரிந்தால் போதும்.

செலவுக்கு ஆய்வு நல்கையில் இடம் கேட்கலாம். விண்ணப்பத்திலேயே "பாடசாலைச் செயல்முறைப் பொருள்கள், போக்குவரத்து" என்று தனி வரி போடுங்கள். கிடைத்த பிறகு சேர்க்கப் பார்த்தால் கணக்காளர் விடமாட்டார், அவர் சொல்வது நியாயமும்கூட.

இரவு பொத்துவில் ஆசிரியரிடமிருந்து செய்தி வந்தது. முக்காலியின் கம்புகளை அவிழ்க்காமல் ஆய்வுகூட மூலையில் சாய்த்து வைத்திருக்கிறார். ஏப்ரலில் சூரியன் வடக்கே ஏறும்போது முதலில் அவர்களிடம் வரும், ஏப்ரல் 7 அளவில், மதியம் 12.05 க்கு. மட்டக்களப்புக்கு 9 அல்லது 10. புத்தாண்டு விடுமுறைக்கு முன் அது விழுமா என்று பார்த்து, இந்தமுறை அளவைப் பொத்துவில் பிள்ளைகளே மட்டக்களப்புக்கு அழைத்துச் சொல்வதாகப் பேசியிருக்கிறார்களாம். அட்டையில் துளை கொஞ்சம் கிழிந்திருக்கிறது, புதிதாக வெட்டத் தகரம் பாவிக்கலாமா என்று கேட்டிருந்தார். பாவிக்கலாம், விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டு.